வாளுக்கு முன்னால் கால்: கெண்டோ, இயாய்டோ தொடங்குபவர்களுக்கான உடற்பயிற்சி வழிகாட்டி

ஜப்பானிய வாள் கலையான கெண்டோவின் வகுப்பில் பெயர் கொடுத்ததும் நிறைய பேர் செய்கிற முதல் காரியம், டம்பெல் எடுத்துக் கையை முறுக்கேற்றத் தொடங்குவது. வாள் என்றால் கைதானே என்று ஒரு கணக்கு. ஆனால் பெரியவர்கள் பிடிக்கும் ஷினாய், அதாவது நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய பயிற்சி வாள், அதிகபட்சம் 120 செ.மீ. நீளம், போட்டி விதிப்படி ஆண்களுக்குக் குறைந்தது 510 கிராம், பெண்களுக்குக் குறைந்தது 440 கிராம் எடை இருக்கவேண்டும். அரைக் கிலோவைத் தூக்க யாருக்கும் தனியாகப் புஜபலம் வேண்டியதில்லை.

முதல் சில மாதங்களில் புதியவர்களின் உடம்பு எங்கே மக்கர் பண்ணுகிறது என்று பாருங்கள். இடது கெண்டைக்கால், இடது குதிகாலுக்குச் சற்று மேலே உள்ள தசைநாண், வலது குதிகாலின் அடிப்பக்கம், முழங்கால், கீழ்முதுகு. கையில் என்றால் பெரும்பாலும் வலது முழங்கைதான், அதுவும் பலம் போதாததால் இல்லை, பிடியைத் தேவைக்கு மேல் இறுக்கியதால். ஆகவே இந்தக் கட்டுரையின் வரிசையும் அப்படித்தான்: பாதம், கெண்டைக்கால், இடுப்பு, முதுகு, மூச்சு. கை கடைசியில்.

நீங்கள் எந்தக் கலையில் சேர்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அழுத்தம் மாறும். கெண்டோவில் பாய்ந்து தரையை மிதித்து அடிப்பதும், மூச்சு வாங்கவைக்கும் குறுகிய வேக ஓட்டங்களும் அதிகம். உறையிலிருந்து வாளை உருவி வெட்டும் முறைகளைப் பழகும் இயாய்டோவில் யாரும் உங்களை அடிக்கப் போவதில்லை, எல்லாமே நிதானம்தான்; ஆனால் மண்டியிட்டு உட்கார்ந்து எழுவதும், பெரும்பாலும் 700 முதல் 1,000 கிராம் வரை இருக்கும் கூரில்லாத உலோக வாளை ஒற்றைக் கையால் உருவி வெட்டி நிறுத்துவதும் தொடையையும் மணிக்கட்டையும் பதம்பார்த்துவிடும். கென்ஜுட்சு எனப்படும் பழைய வாள்வித்தைப் பள்ளிகளில் பொக்கென் என்ற மரவாளோடு, பள்ளியைப் பொறுத்து, நன்றாகத் தாழ்ந்த நிலைகளில் நின்று வேலை செய்யவேண்டிவரும். அடிப்படை எல்லோருக்கும் ஒன்றுதான், வித்தியாசம் வருகிற இடங்களில் சொல்கிறேன்.

இதய நோய், ரத்த அழுத்தம், பழைய முழங்கால் அடி, அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், டோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், சொல்லிக்கொடுக்கும் சென்செய்யிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதலில் உங்கள் உடம்பைச் சோதித்துப் பாருங்கள்

பத்து நிமிட வேலைதான். செருப்பில்லாமல் சுவரைப் பார்த்து நின்று, கால் பெருவிரல் சுவரிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி இருக்கும்படி வைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலைச் சுவரில் தொடப் பாருங்கள். தொடமுடியவில்லை என்றால் கணுக்கால் இறுக்கமாக இருக்கிறது, குந்தி உட்காரும் எல்லா நிலைகளும் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அடுத்து இடது காலில் மட்டும் நின்று (சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொள்ளலாம்) குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பதினைந்தைத் தொடுவதற்குள் கால் வெடவெடவென்று ஆடினால் பாய்ந்து அடிப்பதற்கு அந்தக் கெண்டைக்கால் இன்னும் தயாராகவில்லை.

அப்புறம் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். கை மேலே போகப்போகக் கீழ்முதுகு வில்லாக வளைந்து சுவரைவிட்டு விலகினால், வாளைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தோள் செய்யவேண்டிய வேலையை இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பு செய்துகொண்டிருக்கும். நூறு வெட்டு முடிந்ததும் "முதுகு பிடிச்சுக்கிச்சு" என்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். கடைசியாக, கால்விரல்களை மடித்துத் தரையில் ஊன்றி, குதிகால் மேல் அமர்ந்து அரை நிமிடம். பிறகு விரல்களை நீட்டி, பாதத்தின் மேற்புறம் தரையில் படும்படி செய்ஸாவில், அதாவது மண்டியிட்டுக் குதிகால் மேல் அமரும் நிலையில், ஒரு நிமிடம். எது வலிக்கிறது, எங்கே வலிக்கிறது என்று குறித்துவையுங்கள்.

பாதமும் கெண்டைக்காலும்

இங்கே கொஞ்சம் அதிக நேரம் செலவழிக்கப் போகிறேன், ஏனென்றால் கெண்டோவில் வரும் மிக மோசமான காயங்களில் ஒன்று இங்கேதான் வருகிறது.

கெண்டோவின் அடிப்படை நிலையில் வலது கால் முன்னால். இடது கால்விரல் நுனி ஏறக்குறைய வலது குதிகாலின் கோட்டில், இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு கை முஷ்டி அளவு இடைவெளி, இடது குதிகால் மட்டும் தரையிலிருந்து லேசாகத் தூக்கியிருக்கும். அந்த இடது காலால் தரையைப் பின்னுக்குத் தள்ளித்தான் முழு உடம்பும் முன்னால் பாய்கிறது, வலது பாதம் ஓங்கித் தரையில் விழுகிறது. ஃபுமிகோமி என்பது இதுதான். வாரத்துக்குப் பல நூறு முறை உடம்பின் எடை முழுவதையும் உதைத்துத் தள்ளும் அந்த ஒற்றைக் காலின் குதிகால் தசைநாண் அறுந்துபோவது கெண்டோக்காரர்கள் மத்தியில் எல்லோரும் அறிந்த காயம். களைத்த நேரத்தில் இடது குதிகால் தரையோடு இறங்கிவிடும், பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிவிடும், அந்த நிலையிலிருந்து திடீரென்று உதைத்தால் தசைநாணில் விழும் இழுப்பு மிக அதிகம். ஆகவே இடது பாதம் நேராக முன்னால் பார்க்கவேண்டும் என்று சென்செய் நச்சரிப்பதை அழகுக்காகச் சொல்வதாக நினைக்காதீர்கள்.

செய்யவேண்டியது இது. இரண்டு காலிலும் நின்று குதிகாலை ஏற்றி, இறக்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். 15 முறை, மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். இரண்டு வாரம் கழித்து இரண்டு காலில் ஏறி ஒற்றைக் காலில் இறங்குங்கள். அதுவும் சுலபமானால் படிக்கட்டின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை வைத்து, குதிகால் படியைவிடத் தாழும்வரை இறக்குங்கள். இதையே முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டும் ஒரு சுற்று செய்யவேண்டும், ஏனென்றால் கெண்டைக்காலில் உள்ளே இருக்கும் தசைக்கு முழங்கால் மடங்கியிருக்கும்போதுதான் நிறைய வேலை கிடைக்கிறது, வாள் பிடித்து நிற்கும்போது முழங்கால் முழுசாக நீண்டிருப்பதும் இல்லை. வலது காலையும் விட்டுவிடாதீர்கள், ஆனால் இடது காலுக்கு ஒரு சுற்று கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை.

அடுத்தது சுரியாஷி, பாதத்தைத் தரையிலிருந்து தூக்காமல் வழுக்கி நகர்வது. வாள் வேண்டாம், கை இடுப்பில். முன்னால் போகும்போது வலது கால் நகர்ந்ததும் இடது கால் உடனே வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும், ஆனால் வலது பாதத்தைத் தாண்டக் கூடாது. பின்னால் போகும்போது இடது கால் முதலில். தலை மேலும் கீழும் குதிக்காமல் ஒரே உயரத்தில் போகிறதா என்று பார்க்கக் கண்ணாடியோ மொபைல் கேமராவோ போதும். தினமும் பத்து நிமிடம், வெறுங்காலில், வழவழப்பான தரையில். சலிப்பாக இருக்கும், இருந்தாலும் இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு பயிற்சியைத்தான் எடுத்துக்கொள்வேன் என்று நீங்கள் அடம்பிடித்தால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

ஃபுமிகோமியை வீட்டில் செய்யாதீர்கள். டோஜோக்களில் பொதுவாகக் கொஞ்சம் அதிர்வைத் தாங்கிக்கொள்ளும் மரத்தரை இருக்கும். சிமெண்டிலும் டைல்ஸிலும் மிதித்தால் அந்த அதிர்ச்சி நேராகக் குதிகால் எலும்புக்குப் போகும். டோஜோவிலும் வலது காலை உயரத் தூக்கிக் குதிகாலால் இடிக்காமல், தரைக்குப் பக்கமாகவே கொண்டுபோய் முழுப்பாதமும் ஒன்றாக விழச் செய்யவேண்டும். குதிகாலில் ஏற்கெனவே கன்றிப்போன வலி இருந்தால் அதற்கென்றே விற்கும் குதிகால் உறையைப் போட்டுக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்கிப்பிங், துள்ளித் துள்ளி வாள் வீசும் ஹயசுபுரி எல்லாம் மேலே சொன்ன குதிகால் பயிற்சியை ஆறு வாரமாவது செய்த பிறகு.

பல டோஜோக்களில் வகுப்புக்கு முன்போ பின்போ ஈரத் துணியை இரண்டு கையாலும் தரையில் அழுத்தி, பிட்டத்தைத் தூக்கி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓடித் துடைப்பார்கள். சுத்தம் செய்கிற வேலைதானே என்று ஒதுங்கி நிற்காதீர்கள். தோள், வயிறு, தொடை, கால்விரல் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கிற பயிற்சி அது, காசும் கிடையாது.

இடுப்பு, தொடை, செய்ஸா

சாதாரண ஸ்குவாட்டில் தொடங்குங்கள்: 10 முறை, மூன்று சுற்று, முழங்கால்கள் உள்பக்கமாகச் சாயாமல். அதிலிருந்து சொன்க்யோவுக்குப் போகலாம். கெண்டோ ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் குதிகாலைத் தூக்கி, கால்விரல் மேல் குந்தி, முதுகு நேராக உட்காருவார்களே, அதுதான். ஆரம்பத்தில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பத்து நொடி, அப்புறம் பிடிக்காமல் இருபது நொடி. ஆடாமல் எழுந்திருப்பதுதான் கஷ்டமே.

இயாய்டோக்காரர்களுக்கு லஞ்ச் (lunge), அதாவது ஒரு காலை முன்னால் வைத்து மறு முழங்காலைத் தரைக்கு இறக்கி எழுவது, முக்கியம். செய்ஸாவிலிருந்து எழும்பி, வலது காலை முன்னால் ஊன்றி, இடது முழங்கால் தரையில் இருக்க வாளை உருவும் அசைவுக்குத் தேவையான பலம் முழுவதும் அதில் இருக்கிறது. வேகம் வேண்டாம். நான்கு எண்ணி இறங்குங்கள், முழங்கால் தரையை இடிக்காமல் தொடவேண்டும், நான்கு எண்ணி ஏறுங்கள். ஒரு பக்கத்துக்கு எட்டு போதும்.

செய்ஸா பழக்கமில்லாதவர்கள் அதை ஒரே வாரத்தில் சாதிக்கப் பார்க்கக் கூடாது. பிட்டத்துக்கும் குதிகாலுக்கும் நடுவே ஒரு மடித்த போர்வையையோ தலையணையையோ வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம், சில நாளைக்கு ஒருமுறை உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வாருங்கள். தொடையின் முன்பக்கமும் கணுக்காலின் மேற்பக்கமும் இழுத்தால் பரவாயில்லை. முழங்காலுக்கு உள்ளே சுரீரென்று குத்தினால் உடனே நிறுத்துங்கள். கால் மரத்துப்போனால் சட்டென்று எழுந்து நிற்காதீர்கள், உணர்ச்சியில்லாத கணுக்கால் மடங்கி விழுந்தால் சுளுக்குதான். முதலில் விரல்களை மடித்து ஊன்றி, குதிகால் மேல் ஒரு நிமிடம் உட்கார்ந்து, ரத்தம் ஓடத் தொடங்கியதும் எழுங்கள். ஹகாமா என்ற அகலமான கீழாடைக்குள் முழங்கால் உறை அணிகிற மூத்தவர்கள் நிறைய பேர் உண்டு, நீங்களும் முதல் நாளிலிருந்தே அணியலாம்.

முழங்கால் ஒத்துழைக்கவே இல்லை என்றால் இயாய்டோவை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். அகில ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பின் 12 பொது இயாய் வடிவங்களில் முதல் மூன்று செய்ஸாவில், நான்காவது ஒரு முழங்காலை உயர்த்தி அமர்ந்த நிலையில், மீதி எட்டும் நின்றபடி. சென்செய்யிடம் பேசி நின்று செய்பவற்றில் தொடங்க வழி கேளுங்கள்.

வயிற்றுக்கும் முதுகுக்கும் ரொம்ப யோசிக்கவேண்டாம். பிளாங்க் (முன்கையிலும் கால்விரலிலும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்குவது) 20 நொடி, மூன்று முறை. மல்லாந்து படுத்து, கீழ்முதுகைத் தரையோடு அழுத்திவைத்து, ஒரு பக்கக் கையையும் எதிர்ப்பக்கக் காலையும் மெதுவாக நீட்டி மடக்குவது, பக்கத்துக்கு எட்டு. சுவர்ச் சோதனையில் முதுகு வளைந்தவர்களுக்கு இது பிளாங்கைவிட உபயோகமானது.

மூச்சு

புதியவர்கள் களைத்துப்போவதற்குப் பாதிக் காரணம், அடிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வது. கியாய் என்று கத்துவது வெறும் ஆவேசம் காட்ட இல்லை, கத்தும்போது காற்று வெளியே போயே தீரவேண்டும். தனியாகச் செய்யும்போது கத்தக் கூச்சமாக இருந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் இச்சி, நீ, சான் என்று வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு தானாகச் சீராகும்.

முதல் மாதம் வாரத்தில் மூன்று நாள், 20 முதல் 30 நிமிடம் வேக நடை, சைக்கிள், மெதுவோட்டம், எதுவானாலும் சரி. பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகம் போதும். இரண்டாவது மாதத்தில் அந்த மூன்றில் ஒரு நாளை மட்டும் மாற்றி, 20 நொடி முழு வேகம், ஒரு நிமிடம் மெதுவாக, இப்படி ஆறு முறை. இடைவிடாமல் அடித்துக்கொண்டே முன்னேறும் ககாரிகெய்கோவுக்கு இந்தக் குறுகிய வெடிப்புதான் பொருந்தும். ஒரு மணி நேரம் ஒரே வேகத்தில் ஓடுகிறவர் ககாரிகெய்கோவில் அரை நிமிடத்தில் நாக்குத் தள்ளி நிற்பதில் அதிசயம் இல்லை.

இப்போது கை, தோள், சுபுரி

கை பலத்துக்கு புஷ்-அப் நல்லதுதான், ஆனால் தள்ளும் பயிற்சி ஒன்று செய்தால் இழுக்கும் பயிற்சி இரண்டு செய்யுங்கள். ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி முழங்கையைப் பின்னுக்கு இழுப்பது, கம்பியில் சும்மா தொங்குவது. தோள்பட்டை எலும்புகள் பின்னால் இறங்கி உட்காரப் பழகினால் வாள் தூக்கும்போது தோள் காதுவரை ஏறாது.

பிடி விஷயத்தில் ஒன்று. இடது கை கைப்பிடியின் அடி நுனியில், சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் பிடிக்கவேண்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். அடி விழும் நொடியில் மட்டும் ஈரத் துணியைப் பிழிவதுபோல இரண்டு கையும் உள்பக்கமாக இறுகி, உடனே தளரவேண்டும். எப்போதும் இறுக்கியே பிடித்தால் முன்கை கல்லாகும், முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கும், வாள் மெதுவாகும். ஆகையால் பிடி பலம் கூட்டும் ஸ்பிரிங் கருவியை வாங்கி நாள் முழுக்க அமுக்கிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதியவர்களுக்கு இறுக்கத் தெரியாத பிரச்சினை இல்லை, தளர்த்தத் தெரியாத பிரச்சினை.

சுபுரி, அதாவது வெற்று வீச்சு. ஜப்பானின் சத்சுமா பகுதியில் வளர்ந்த ஜிகென்-ரியூ பள்ளியில் காலையில் 3,000, மாலையில் 8,000 முறை நட்டுவைத்த மரத்தை அடிக்கவேண்டும் என்று ஒரு மரபு வாக்கு உண்டு. இதைப் படித்துவிட்டு முதல் வாரமே ஆயிரம் வீச்சு என்று சபதம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அது சிறு வயதிலிருந்து அதையே செய்தவர்களின் கணக்கு. உங்களுக்கு 10 வீச்சு, ஐந்து சுற்று, நடுவே ஒரு நிமிட ஓய்வு. வாள் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும், இடது கை உடம்பின் நடுக்கோட்டைவிட்டு விலகக் கூடாது, தோள் ஏறக் கூடாது. மூன்றில் ஒன்று கெட்டாலும் அந்தச் சுற்று முடிந்தது, எண்ணிக்கை பாக்கியிருந்தாலும் நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் அதற்குமேல் நீங்கள் பழகுவது தப்பான வெட்டைத்தான். மொத்தம் 100 வரை சுத்தமாக வந்தபிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம். ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் சுபுரிதோ என்ற தடித்த மரவாளை முதல் வருடம் சுவரிலேயே மாட்டிவையுங்கள். தலைக்கு மேலே ஃபேன், விளக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீசுங்கள், ஷினாயில் சிலும்பு, வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தடவிப் பாருங்கள்.

ஒரு வாரத்தை எப்படிப் பிரிப்பது

டோஜோ வாரத்தில் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். தசைப் பயிற்சி (குதிகால், ஸ்குவாட், லஞ்ச், வயிறு, இழுப்பு) மூன்று நாள், ஒவ்வொன்றும் 25 நிமிடத்துக்குள். அதில் ஒன்று டோஜோ நாளின் காலையிலேயே வந்தால் பரவாயில்லை, ஆனால் டோஜோவுக்கு முந்தைய இரவு வேண்டாம், கெண்டைக்கால் விண்விண்ணென்று இருக்கும்போது பாயவேண்டிவரும். நடையையும் சைக்கிளையும் இதே நாட்களோடு சேர்த்துக்கொள்ளலாம். சுரியாஷி தினமும். ஒரு நாள் முழு ஓய்வு, அன்றைக்கு சுரியாஷியும் இல்லை. எண்ணிக்கை, சுற்று, வேகம், எடை இவற்றில் ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் கூட்டுங்கள். தசை சில வாரங்களில் பலப்பட்டுவிடும், தசைநாணுக்கு மாதக் கணக்கில் ஆகும், அதனால்தான் "இப்போ நல்லா இருக்கேன்" என்று தோன்றுகிற இரண்டாவது மாதத்தில் பலர் காயப்படுகிறார்கள்.

வகுப்புக்கு முன்னால் அசைந்து அசைந்து சூடேற்றுங்கள்: கணுக்கால் சுற்றல், மெதுவான குதிகால் ஏற்றம், சுரியாஷி, தோள் சுழற்றல். ஒரே இடத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் நீட்சிகளை வகுப்பு முடிந்தபிறகு செய்துகொள்ளலாம்.

கொப்புளமும் வலியும் என்ன சொல்கின்றன

இடது உள்ளங்கையில் சுண்டுவிரலுக்குக் கீழே காய்ப்பு வந்தால் பிடி சரியான பாதையில் இருக்கிறது. வலது உள்ளங்கையில் கொப்புளம் வந்தால் வலது கை தேவையில்லாமல் வேலை செய்கிறது. இடது பாதத்தின் முன்பகுதியில் தோல் உரிவது கெண்டோவில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடக்கும். கழுவி, காயவைத்து, டேப் ஒட்டிக்கொண்டு வாருங்கள், உரிந்த தோலைப் பிய்க்காதீர்கள்.

காலையில் படுக்கையைவிட்டு எழுந்ததும் முதல் சில அடிகளில் குதிகாலுக்கு மேலே விறைப்பாக இருந்து அப்புறம் சரியாகிறது என்றால் அது எச்சரிக்கை. பாய்ச்சலை நிறுத்தி, சுரியாஷியோடும் மெதுவான குதிகால் இறக்கத்தோடும் நில்லுங்கள், இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். பாயும்போது யாரோ பின்னாலிருந்து காலில் உதைத்ததுபோல ஒரு அதிர்ச்சியும் சத்தமும் கேட்டு, கால்விரலில் எழும்ப முடியவில்லை என்றால் பெரும்பாலும் தசைநாண் அறுந்திருக்கிறது, நடந்து பார்க்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

போகு அணியும் மாதம்

கெண்டோவில் சில மாதம் கழித்துத்தான் போகு என்ற கவசம் போடச் சொல்வார்கள். அன்றிலிருந்து கணக்கு மாறும். தலை, கை, மார்பு, இடுப்பு எல்லாம் மூடி, தடித்த பருத்திச் சட்டைக்கு மேலே சில கிலோ ஏறும், வெப்பம் வெளியே போக வழி இருக்காது, தலைக்கவசத்தைக் கட்டியபிறகு நினைத்த நேரத்தில் தண்ணீரும் குடிக்க முடியாது. வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள், ஒவ்வொரு இடைவேளையிலும் குடியுங்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், திடீர்க் குளிர் நடுக்கம், இவற்றில் எது வந்தாலும் கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு ஓரமாகப் போய்த் தலைக்கவசத்தைக் கழற்றுங்கள், வரிசை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஜப்பானில் கோடையின் உச்சத்தில் ஷோச்சூகெய்கோ என்று தனியாகவே பயிற்சி நடத்துவார்கள். வெப்பத்துக்குப் பழகாத உடம்போடு முதல் வருடமே அதில் முழுசாக இறங்கவேண்டாம். கவசம் போடும் முதல் நான்கு வாரங்களில் வீட்டில் செய்யும் தசைப் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், குதிகால் இறக்கத்தை மட்டும் குறைக்காதீர்கள்.